ஊரே சேர்ந்து எழுதிய மின்னஞ்சல்

தொண்ணூறுகளின் கடைசியில், மலாக்கா மாநிலத்துச் சிம்பாங் அம்பாட்டை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில் இது நடந்தது. அலோர் காஜாவில் அரசாங்க வேலை பார்த்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தேன். மனைவி காலமாகிவிட்டாள். ஒரே மகன் ஆஸ்திரேலியாவில் குடியேறிவிட்டான். வீட்டில் என்னோடு பேச மிச்சமிருந்தவர் தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர்தான். அவரும் நான் சொல்வதைக் காதில் வாங்குவதில்லை.

ரப்பர் பால் எடுக்க, பால்மரம் வெட்டப் போகும் தாய்மார்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் ஆயாக்கொட்டகை ஒன்று அந்தத் தோட்டத்தில் சும்மா கிடந்தது. அதற்கு வெள்ளையடித்து, சில கணினிகளை வைத்து, இணைய மையம் என்று பலகை மாட்டினார்கள். தோட்டத்துக்கும், ரப்பர் காட்டுக்கு அப்பால் இருந்த ஓராங் அஸ்லி கிராமத்துக்கும் அது பொது. பூர்வகுடி மக்களை இது முன்னேற்றும் என்று திறப்பு விழாவில் நீளமாகப் பேசினார்கள். அந்தக் கிராமத்திலிருந்து ஒருவரைக்கூட அழைக்க அவர்களுக்குத் தோன்றவில்லை.

நடைமுறை தெரிந்த ஆள் வேண்டுமென்று என்னைப் பொறுப்பில் உட்கார வைத்தார்கள். விதிகளைத் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டினேன். ஒரு கணினிக்கு ஒருவர். அரட்டை கூடாது. ஐந்து மணிக்கு மூடப்படும். அவற்றை மீறுவதற்குக்கூட யாரும் வரவில்லை. நான் மட்டும் மகனுக்கு எழுதிவிட்டு, பதிலுக்காகத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், நல்ல மழையில், லாரி ஒன்று வாசலில் வந்து நின்றது. அந்தக் கிராமத்துக்காரர்கள் ஒரு கூட்டமாக இறங்கி உள்ளே வந்து, தரையெல்லாம் ஈரமாக்கினார்கள். முன்னால் வந்த அம்மாள் தமிழில் பேசியதும் திகைத்துப்போனேன். நம் பெண்களோடு பல வருஷம் பால்மரம் வெட்டியவராம். தோட்டத்தில் கணக்கெழுதுபவரைக் கிராணியார் என்பது வழக்கம்; மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த என்னையும் கிராணியார் ஆக்கிவிட்டார்.

“கிராணியாரே, மவளுக்கு எழுதணும். இன்னைக்கே போவணும்.”

அவருடைய மகள் கோலாலம்பூரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். அந்தக் கிராமத்திலிருந்து அப்படிப் போன முதல் பெண். அங்கே அவளோடு பேச்சுத் துணைக்கு யாருமில்லை. படிப்பை விட்டுவிட்டு மறுநாள் காலை பெட்டியோடு வந்துவிடுவதாக, சிம்பாங் அம்பாட் மளிகைக் கடைக்குப் போன் செய்து சொல்லியிருக்கிறாள். இவர்கள் திருப்பிக் கூப்பிட்டபோது, மாணவிகளைப் போனுக்கு அழைப்பதில்லை என்று விடுதியில் போனை வைத்துவிட்டார்கள். சாயங்காலம் அவள் கணினி அறைக்குப் போவாள் என்பது மட்டும் அம்மாவுக்குத் தெரியும்; அவள் எழுதிக் கொடுத்திருந்த மின்னஞ்சல் முகவரிச் சீட்டும் கையில் இருந்தது.

“சரி, நீங்க மட்டும் உக்காருங்க. மத்தவங்க வெளிய நிக்கட்டும்,” என்று சுவரைக் காட்டினேன்.

“ஒருத்தி சொன்னா எப்புடி கேப்பா? ஒருத்தியா போயிதானே அங்க அழுவுறா.”

அவர்கள் கிராமத்தில் கடிதம் வந்தால் யாரும் தனியாகப் படிப்பதில்லையாம். எழுதுவதும் அப்படித்தான். நான் பதில் யோசிப்பதற்குள் எல்லா நாற்காலிகளும் ஒரே கணினியைச் சுற்றி வந்துவிட்டன.

மகனுக்கு எழுதிப் பழகிய கை என்பதால், நானே மலாயில் ஆரம்பித்தேன். கல்வியின் அவசியம், பெற்றோரின் எதிர்பார்ப்பு, மனஉறுதி. ஒரு பத்தி முடிந்ததும் படித்துக் காட்டினேன்.

“சர்க்காரு நோட்டீசு மாதிரி இருக்குலா,” என்றார் அம்மாள். “ஒங்க மவனுக்கும் இப்புடித்தான் எழுதுவீங்களா?”

“ஆமா.”

“அதான் பதிலு வர்ல.”

மற்றவர்களுக்கு அதை அவர் மலாயில் சொல்ல, கொட்டகையே சிரித்தது. நான் பத்தியை அழித்தேன்.

பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஓடைக்கரை டுரியான் மரம் பழம் போட ஆரம்பித்துவிட்டது. உன் கட்டிலுக்கடியில் நாய் குட்டி போட்டிருக்கிறது, விரட்டினாலும் போகவில்லை. மாமா மோட்டார்சைக்கிளோடு சேற்றில் விழுந்தார். மாமா அதை மறுத்தார்; மறுப்பையும் எழுதச் சொன்னார். எழுதினேன். ஆனால் கடிதத்தின் நோக்கம் எங்குமே வரவில்லை. நாற்பது வருஷத்துக் குமாஸ்தா புத்தி சும்மா இருக்குமா?

“வராதே, படின்னு ஒரு வரி போடவா?”

“வேணாம். வந்தா வரட்டும், அவ வூடுதானே. நாங்க எல்லாம் இருக்கோம்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் முடிவு பண்ணட்டும்.”

மழையில் தொலைபேசி இணைப்பு அறுந்து அறுந்து, கடைசியில் மின்னஞ்சல் போய்ச் சேர்ந்தது. ஐந்து மணி ஆயிற்று. யாரும் எழுந்திருக்கவில்லை. மூட வேண்டிய நேரம் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. அம்மாள் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல், ஈரக் கைலியின் நுனியை முறுக்கி முறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

விளக்குப் போடும் நேரத்தில் பதில் வந்தது. உரக்கப் படித்தேன். நாளைக்கு வரவில்லை, லீவுக்கு வருகிறேன். குட்டிகளுக்கு யாரும் பேர் வைத்துவிட வேண்டாம். மாமா விழுந்தது உண்மைதானே? இவ்வளவுதான். மறுபடியும் படிக்கச் சொன்னார்கள். மூன்றாவது முறை அம்மாள் அழுதார். மாமா அப்போதும் மறுத்தார்.

லாரி போனதும் கொட்டகை திடீரென்று பெரிதாகிவிட்டது. நாற்காலிகளை அவற்றின் இடத்தில் போட மனம் வரவில்லை. அந்தக் கணினியைச் சுற்றிக் கிடந்தவற்றில் நடுவில் இருந்த ஒன்றில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அந்தப் பெண் படிப்பை முடித்து ஆசிரியை ஆனாள். அன்றிலிருந்து நான் மகனுக்கு அறிவுரை எழுதுவதில்லை. வீட்டில் நடந்ததை மட்டும்தான் எழுதுகிறேன். அதற்கு வீட்டில் ஏதாவது நடக்க வேண்டும் என்பதுதான் இன்றுவரை என் சிரமம்.