காதர் சரியாகப் போட்ட என் தப்புக் கணக்கு

ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டு முன்னால் நிற்பவர்களே, இன்று கணக்கு வகுப்பில் நடந்ததை மெஸ்ஸில் கேட்பதற்குள் என்னிடமே கேட்டுவிடுங்கள்.

பகுதிப் பின்னக் கணக்கை நேற்றே போட்டவன் நான். பின்னத்தின் கீழே 2 – x இருந்தது. பார்க்க நன்றாக இல்லையென்று x – 2 ஆக்கினேன். அப்படி மாற்றினால் முன்னால் ஒரு மைனஸ் போட வேண்டும். மறந்துவிட்டேன். வழக்கம்போல வகுப்பே என் நோட்டைப் பார்த்து எழுதியது.

காதர் மட்டும் என் நோட்டை வீட்டுக்கு வாங்கிப்போய், இன்று காலை கருங்குழியிலிருந்து வரும் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதினான். என் விடையில் ஒரு பின்னத்திலிருந்து இன்னொன்றைக் கழித்திருந்தேன். காப்பி என்று தெரியக்கூடாதென்று இரண்டையும் இடம் மாற்றிவிட்டான்.

"கூட்டல்ல மாத்துனா ஒண்ணும் ஆவாது இல்ல மச்சான், கழித்தலும் அப்டித்தான்னு நெனச்சேன்" என்று பிறகு சொன்னான்.

கழித்தலில் இடம் மாறினால் விடையின் குறியும் மாறும்; நான் தொலைத்த மைனஸ் அங்கே திரும்பி வந்துவிட்டது. எல்லோருக்கும் தப்புப் போட்ட சார், காதருக்கு மட்டும் டிக் போட்டார்.

"மைனஸை எப்படிப்பா கவனிச்சே?"

"நிதானமா போட்டா தானா வந்துடும் சார்" என்றான் படுபாவி.

சார் என் பக்கம் திரும்பினார். "நாளைக்கு டெஸ்ட். அதுக்குள்ள காதர்கிட்ட கத்துக்கோ."

இதை எழுதும்போது அவன் வீட்டுக்குப் போகாமல் என் கட்டிலில் சாய்ந்துகொண்டு, "இன்னா டவுட்டு கீது, கேளு மச்சான்" என்கிறான்.

உங்களுக்கும் சந்தேகம் இருந்தால் கீழே பென்சிலால் எழுதுங்கள். கணக்கை நான் போடுவேன். அவன் இடம் மாற்றித் தருவான்.