மகாராணி சொல்லாத வார்த்தை

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளைக் கதைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே பேசாமல் இருந்துவிடுவாள்.

அங்கே வேலை ஜோடி ஜோடியாகத்தான் நடக்கும். உலர்த்தும் மிஷினிலிருந்து படுக்கை விரிப்புகள் சூடு ஆறாமல் வந்து மேசையில் குவியும். இந்தப் பக்கம் ஒருத்தி இரண்டு முனையைப் பிடிக்க, அந்தப் பக்கம் ஒருத்தி இரண்டு முனையைப் பிடிக்க, ஓர் உதறு உதறி, ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். சேர்த்துவிட்டு மறுபடி விலக வேண்டும். பொழுது பூராவும் ஒரே முகத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தால், கட்டின புருஷன் முகத்தைவிட அந்த முகம் பழகிப்போகும். கதைக்காரிக்கு அப்படிப் பழகிய முகம் பெரியக்காவுடையது. பெரியக்கா அந்தக் கூடத்துக்கே மூத்தவள். உயரமும் அதிகம், குரலும் அதிகம், கோபமும் அதிகம். பாசம் அதைவிட அதிகம். ஆனால் அப்படி யாராவது சொல்லிவிட்டால் அதற்கும் கோபம் வரும்.

கதை வந்த வழி இதுதான். கதைக்காரியின் மகள் கல்லூரி நூலகத்திலிருந்து ஒரு தடிப் புத்தகம் எடுத்து வந்தாள். தலையணைக்குப் பதில் வைத்துக்கொள்ளலாம், அத்தனை தடி. 'மூன்று நிலா நாடு' என்று பெயர். அது ஒன்றோடு முடியவில்லை, ஆறு பாகம். மகள் படித்துவிட்டுப் போட்டதை அம்மா பஸ்ஸில் படித்தாள். படித்ததை வேலையில் பெரியக்காவிடம் சொன்னாள். பக்கத்து மேசைக்காரி காதைத் தீட்டிக்கொண்டாள். பிறகு எல்லா மேசையும் ஒரு மேசையானது.

அந்த நாட்டில் வானத்தில் மூன்று நிலா. மண்ணில் ஒரே ஒரு சிம்மாசனம். அக்காள் மகாராணி, தங்கை இளவரசி. இரண்டு பேருக்கும் ஒரே சேனாதிபதி மேல் கண். சேனாதிபதிக்கு யார் மேல் கண் என்று நான்கு பாகம் முடிந்தும் பிடி கிடைக்கவில்லை. நடுவில் மந்திரிகள் வேறு, ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு.

கேட்டவர்களுக்கு அபிப்பிராயம் இல்லாமல் இருக்குமா?

"அப்படி ஒருத்தன் குதிரையில வந்து வாசல்ல நிக்கிறான், இவ வரிக்கணக்கு பார்க்கிறாளாம் வரிக்கணக்கு! இவளுக்கெல்லாம் எதுக்கு மூணு நிலா?" என்றாள் குண்டூசி. கூடத்தில் இளையவள் அவள்தான். குத்தாமல் பேசத் தெரியாது, அதனால் அந்தப் பெயர்.

"வரி வசூலிக்கலேன்னா அந்தக் குதிரைக்குக் கொள்ளு யாரு வைப்பா?" என்று வாசலிலிருந்து குரல் வரும். அது சூப்பர்வைசர். கதை கேட்கவில்லை, மூட்டை எண்ணத்தான் வந்தேன் என்பார். ஒரே மூட்டையை அவர் எத்தனை தடவை எண்ணுவார் என்பதைப் பார்த்தால் அன்றைக்குக் கதை எப்படி என்று சொல்லிவிடலாம்.

"அண்ணே, நீங்க மந்திரி கட்சியா?"

"நான் எந்தக் கட்சியும் இல்லம்மா. ஆனா அந்த ஒத்தைக்கண் மந்திரி சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு."

குண்டூசிதான் ஒரு சட்டமும் கொண்டுவந்தாள். கதை சொல்கிறவள் ஈரத்துணி தூக்கக் கூடாது. "மூச்சு வாங்கினா சண்டைக் காட்சி எப்படி வரும்?" என்றாள். துவைக்கும் மிஷினிலிருந்து ஈர விரிப்புகளை அள்ளி எடுப்பது சாதாரண வேலை இல்லை, இடுப்பு கழன்றுவிடும். கதைக்காரியின் பங்கை மற்றவர்கள் தூக்கினார்கள். அவளுக்கு இடுப்புவலி பழைய சொத்து. வேண்டாம் என்று ஒப்புக்கு ஒரு தடவை சொன்னாள். மறு தடவை சொல்லவில்லை.

பெரியக்காவின் அபிப்பிராயம் ஒன்றே ஒன்றுதான். அந்த இளவரசி நாசமாய்ப் போக வேண்டும்.

இரண்டாம் பாகத்து முடிவில் இளவரசி கோட்டைக் கதவைத் திறந்து எதிரியை உள்ளே விட்டுவிடுகிறாள். அதைக் கேட்ட அன்றைக்குப் பெரியக்கா கையிலிருந்த விரிப்பை மேசையில் அடித்தாள். "கூடப் பொறந்தவளே செஞ்சா யாரை நம்பறது?"

ஏன் அவளுக்கு அவ்வளவு ஆத்திரம் என்பது கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் ஒரு தங்கை உண்டு. அம்மா படுக்கையில் கிடந்தபோது தங்கை வீட்டில்தான் கிடந்தாள். பெரியக்காவை ஒரு வார்த்தை கேட்காமல் தங்கை அம்மாவைக் கொண்டுபோய் முதியோர் இல்லத்தில் விட்டாள். அம்மா அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். அன்றைக்கு அறுந்த பேச்சு அறுந்ததுதான். பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போகும் வயசும் ஆகிவிட்டது, அக்காள் வாசலைத் தங்கை மிதிக்கவில்லை. தங்கை வாசலை அக்காள் மிதிக்கவில்லை. இளவரசியைத் திட்டும்போதெல்லாம் பெரியக்கா யாரைத் திட்டுகிறாள் என்று தெரிந்து எல்லோரும் சேர்ந்து திட்டினார்கள். அவளுக்கு அதில் ஓர் ஆறுதல். நல்லதுதானே என்று கதைக்காரியும் நினைத்தாள். இளவரசியை இன்னும் கொஞ்சம் கெட்டவளாக்கியே சொன்னாள்.

நான்காம் பாகத்தில்தான் வந்தது வினை. இளவரசி கதவைத் திறந்தது எதிரிக்காக இல்லையாம். கோட்டைக்குள் விஷக் காய்ச்சல், குழந்தைகளை வெளியே அனுப்ப வேறு வழி இல்லை. சொன்னால் அக்காள் ஒப்ப மாட்டாள் என்று சொல்லாமல் திறந்துவிட்டாள். இப்போது ஒரு தீவில் தனியாக நோயில் கிடக்கிறாள். பார்க்க வேண்டும் என்று ஆள் அனுப்புகிறாள். மகாராணி சபையை அப்படியே விட்டுவிட்டு, மந்திரிகள் கத்தக் கத்த, உறைந்த கடல் மேல் நடந்தே போகிறாள்.

பஸ்ஸில் அதைப் படித்துக் கதைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெரியக்காவிடம் இதை எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே கூடத்துக்குள் நுழைந்தாள்.

உள்ளே பெரியக்கா அன்றைக்கு நல்ல குஷியில் இருந்தாள். "வந்தாச்சு நம்ம கதைக்காரி! சொல்லுடி, அந்தச் சிறுக்கி செத்தாளா இல்லையா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். குண்டூசி அதற்குள் கதைக்காரியின் ஈர மூட்டையை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். சூப்பர்வைசர் மூட்டை எண்ண வந்து நின்றார். இத்தனை முகமும் தன்னையே பார்க்கும்போது, நீங்கள் திட்டினவள் நல்லவள் என்று எப்படிச் சொல்வது? கதைக்காரிக்கு நாக்கு புரண்டது.

"சாகல. சீக்கா கிடக்கிறா. வந்து பாருன்னு ஆள் அனுப்பினா."

"அனுப்புவா, அனுப்புவா. மகாராணி என்ன சொன்னா?"

கதைக்காரி விரிப்பின் முனையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். மகாராணி மாதிரியே.

"எனக்குத் தங்கச்சி கிடையாதுன்னு போய்ச் சொல்லு."

கூடமே கைதட்டியது. "அப்படிப் போடு!" என்றாள் பெரியக்கா. அவள் கண் கலங்கியிருந்தது. அன்றைக்கு மதியம் தன் டப்பாவில் இருந்ததில் பாதியைக் கதைக்காரிக்கு எடுத்து வைத்தாள்.

அடுத்த வாரம், சாப்பாட்டு நேரத்தில், பெரியக்காவின் போன் அடித்தது. தங்கை மகள். அந்தப் பெண் பேசியது பக்கத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

"பெரியம்மா, அம்மாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்திருச்சு. பேச்சு கொஞ்சம் குழறுது, ஆனா பேசறாங்க. உங்களைத்தான் கேட்டுட்டே இருக்காங்க. ஏதோ சொல்லணுமாம், உங்ககிட்டதான் சொல்லணுமாம். ஒரு தடவை வந்துட்டுப் போங்க பெரியம்மா."

பெரியக்கா டப்பா மூடியைத் திருகித் திருகி மூடினாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எனக்குத் தங்கச்சி கிடையாதுன்னு போய்ச் சொல்லு" என்றாள்.

கதைக்காரி எடுத்த சோற்றை டப்பாவிலேயே திரும்ப வைத்தாள். வார்த்தைக்கு வார்த்தை அவள் சொன்னது. அந்த நிமிர்வுகூட அவள் நிமிர்ந்ததுதான். புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லாத வார்த்தை, எங்கிருந்தோ அவள் நாக்கில் வந்து உட்கார்ந்த வார்த்தை, இப்போது ஒரு நோயாளியின் படுக்கைக்குப் போய்க்கொண்டிருந்தது.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெரியக்கா கோபக்காரி, கதை இல்லாவிட்டாலும் போயிருக்க மாட்டாள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றாள். நாளைக்கும் ஈரத்துணி தூக்க அவளை யாரும் விடவில்லை. விலகி நடப்பது சுலபமாக இருந்தது. பெரியக்காவின் முகத்தை நோக்கி நடந்து வருவதுதான் முடியவில்லை. முனையைக் கையில் கொடுக்கும்போது தரையைப் பார்த்தாள்.

"என்னடி, காசு தொலைச்சவ மாதிரி கீழேயே பார்க்கிற?"

"ஒண்ணுமில்லக்கா."

வீட்டில் மகள் அந்தப் பேச்சையே எடுத்தாள். "அம்மா, நாலாம் பாகம் முடிச்சிட்டியா? ராணி ஐஸ் மேல நடந்து போற இடம் இருக்கே, எங்க வகுப்புல அழாத ஆளே இல்ல. சில பேரு, நாட்டை விட்டுட்டுப் போனது தப்புன்னு சண்டை போடறாங்க. நீ என்ன சொல்ற?"

"போனது சரிதான்."

"உங்க ஆளுங்க என்ன சொன்னாங்க?"

கதைக்காரி பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே இருந்தாள். ஏற்கெனவே துலக்கிக் கவிழ்த்த பாத்திரம்.

மறுநாள் முதல் விரிப்பிலேயே சொல்லிவிட்டாள். இருவரும் நடந்து வந்து முனையோடு முனை சேர்ந்த இடத்தில், கையை விடாமல், பிடித்தபடியே.

"அக்கா, நான் மாத்திச் சொல்லிட்டேன். மகாராணி போனா. தங்கச்சியைப் பார்க்கப் போனா. கதவைத் திறந்தது குழந்தைங்களுக்காக. நான்தான் சொல்லல."

பெரியக்காவுக்கு உடனே விளங்கவில்லை. "எந்தக் குழந்தைங்க?" என்றாள். கதைக்காரி எல்லாவற்றையும் சொன்னாள். பக்கத்து மேசைகள் நின்றன.

"அப்போ, தங்கச்சி கிடையாதுன்னு அவ சொன்னது?"

"அவ சொல்லல. நானா சொன்னது."

"உன் வார்த்தையையா நான் அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன்?"

கதைக்காரி தலையாட்டினாள். அடிப்பாள் என்று நினைத்தாள். அடித்தால் தேவலை என்றும் இருந்தது. பெரியக்கா அடிக்கவில்லை. கையிலிருந்த முனைகளை விட்டாள். துணி நழுவித் தரையில் விழுந்தது. சூப்பர்வைசரிடம் போய், "அண்ணே, நான் போகணும்" என்றாள். எங்கே என்று அவர் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டுதானே நின்றிருந்தார்.

பெரியக்கா அங்கே போவதற்கு முந்தின நாளே தங்கைக்கு இரண்டாவது தடவை பாரிசவாயு வந்துவிட்டது. உயிர் இருந்தது. பேச்சு போய்விட்டது.

இந்தச் செய்தியைக் குண்டூசிதான் கொண்டுவந்தாள். குத்துகிற வாய்க்காரி அன்றைக்குத் தடவித் தடவிப் பேசினாள். "நீ என்ன பண்ணுவ? அது அக்காவோட பிடிவாதம். நீ எப்படிச் சொல்லியிருந்தாலும் அக்கா முன்னாடியே போயிருக்காது" என்றாள். போயிருக்க மாட்டாள், இருக்கலாம். முழுக்கதையும் கேட்டுவிட்டு மகாராணியையும் சேர்த்துத் திட்டிவிட்டு உட்கார்ந்தே இருந்திருக்கலாம். ஆனால் தங்கை மகளின் காதில் விழுந்த வார்த்தை யாருடைய வார்த்தை? அதற்கு யார் என்ன சமாதானம் சொன்னாலும் செல்லாது. கதைக்காரிக்கும் அது செல்லவில்லை. தன் ஈரத்துணியைத் தானே தூக்கினாள். குண்டூசி பிடுங்க வந்தபோது, "விடு" என்றாள். யாரும் கதை கேட்கவில்லை. மிஷின் சத்தம் அத்தனை பெரிது என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

பெரியக்கா திரும்பி வந்தாள். வேறு ஜோடி கேட்பாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் நேராக வந்து பழைய இடத்திலேயே நின்று விரிப்பை எடுத்தாள். வெகுநேரம் உதறல், மடிப்பு, நடை. பிறகு அவளே கேட்டாள்.

"மகாராணி போய் நின்னாளே, அந்தத் தங்கச்சிக்காரி என்ன சொன்னா? புத்தகத்துல உள்ளதைச் சொல்லு."

"வர்றதுக்கு இவ்வளவு நேரமான்னு கேட்டா. அப்புறம் ரெண்டு பேரும் சிரிச்சாங்க. ராத்திரி பூரா பேசிட்டே இருந்தாங்கன்னு போட்டிருக்கு."

பெரியக்கா உதட்டைப் பிதுக்கினாள். "எழுதினவங்களுக்கு ஒண்ணும் தெரியல. பாரிசவாயுக்காரி பக்கத்துல உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டாங்க." முனையைக் கொடுக்க நடந்து வந்தாள். கொடுத்த கையை எடுக்கவில்லை. "என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிஞ்சுகிட்டா. நல்லா இருக்கிற கையால என் மணிக்கட்டைப் பிடிச்சுகிட்டா. வாயைத் திறக்கிறா, மூடறா. திறக்கிறா, மூடறா. வெறும் காத்துதான் வருது. அம்மா விஷயமா ஏதோ சொல்ல வந்தா. அது மட்டும் எனக்குத் தெரியுது. என்னன்னு தெரியல. அவ பொண்ணுக்கும் தெரியல."

கதைக்காரி அழுதாள். பெரியக்கா அதைக் கண்டுகொள்ளவில்லை.

"நீதான் நல்லா சொல்லுவியே. சொல்லு, என்ன சொல்ல வந்திருப்பா?"

கதைக்காரிக்கு வார்த்தைக்குப் பஞ்சமே கிடையாது. அந்த நிமிஷத்திலும் வந்தன. அம்மாவே தன்னை முதியோர் இல்லத்தில் விடச் சொன்னாள் என்று ஒன்று வந்தது. மன்னிச்சிடுக்கா என்று ஒன்று வந்தது. எதைச் சொன்னாலும் பெரியக்கா நம்புவாள், இன்றைக்கு நிம்மதியாய்த் தூங்குவாள். அவள் முகமே அதைக் கேட்டது. கதைக்காரி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"தெரியலக்கா" என்றாள்.

பெரியக்கா நகரவில்லை. மடித்த விரிப்பு இரண்டு பேர் கைக்கும் நடுவில் இருந்தது. பின்னால் உலர்த்தும் மிஷின் நின்று, அடுத்த குவியலுக்கு மணி அடித்தது. இன்னும் அவள் கதைக்காரியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.