முதற் காளாஞ்சி தமக்கையாரை அடைந்த வரலாறு

புலம்பெயர்ந்தோர் வரலாற்றை எழுதுவோர் சங்கங்கள் தோன்றிய ஆண்டுகளைக் குறிக்கின்றனர். ஒரு குடும்பத்தின் பட்டம் கடல் கடந்தபின் யாரைச் சேர்ந்தது என்பதைக் குறிப்பார் இலர். எங்கள் உறவினரிடையே அதுபற்றி இப்போதே இருவேறு கதைகள் உலவுவதால், கண்டதை எழுதிவைக்கிறேன்.

வட இலங்கையில் எங்கள் தந்தையார் ‘மணியகாரர்’ பட்டம் தாங்கியவர். பட்டத்தின் அதிகாரம் போய் நெடுங்காலமாயினும், கோயிற் பூசை முடிந்ததும் வெற்றிலையும் பாக்கும் தேங்காயும் வைத்த முதல் தட்டம், அதாவது முதற் காளாஞ்சி, அவருக்கே உரியது. எழுபதுகளின் நடுவில் அவர் மறைந்தார். வழக்கப்படி பட்டம் ஆண்மகனாகிய என்னை அடைந்தது. அப்போது நான் சிட்னியில், லிட்கத்தில் இருந்தேன். என்னினும் நான்கு ஆண்டு மூத்த தமக்கையார் அதே நகரின் செவன் ஹில்சில் இருந்தார்.

அந்நாளில் அங்கே நமக்குக் கோயில் இல்லை. வாடகை மண்டபத்தில் நவராத்திரி வழிபாடு. பூசை செய்பவர் வார நாட்களில் பொறியியலாளர். அவ்வாண்டு முதற் காளாஞ்சி எனக்கென்று அவர் அறிவித்திருந்தார். மண்டபத்துக் குசினியில் கடலை தாளித்துக்கொண்டே தமக்கையார் கேட்டார்:

“தம்பி, நான் பிறந்து நாலு வருசத்தாலைதானே நீ வந்தனி. பட்டம் மட்டும் என்னைத் தாண்டிப் போட்டுதோ?”

“வழக்கம் அப்பிடி, அக்கா.”

“இந்த நாட்டுக் காசிலை ஆரின்ரை தலை கிடக்கு? ஒரு மூத்த மகளின்ரைதானே?”

“ராணிக்குத் தம்பி இல்லை.”

“அப்ப எனக்கும் இல்லையெண்டு வைச்சுக்கொள்ளட்டே?”

அருகில் நின்ற அத்தான் சிரிப்பை மறைக்க வெளியே போனார்.

“சரி, தட்டத்தை வாங்கி உங்களிட்டைத் தாறன்” என்றேன்.

“நீ தந்து நான் வாங்கினால் அது உன்ரை மரியாதைதான். என்னைக் கூப்பிட்டுத் தரவேணும்.”

நேரே பூசை செய்பவரிடம் சென்று, தமக்கையாரையே அழைக்குமாறு கேட்டுக்கொண்டேன்.

“அப்பிடி வழக்கம் இல்லையே” என்று அவர் தயங்கினார்.

“அண்ணை, இஞ்சினியர் பூசை செய்யிறதும் வழக்கத்திலை இல்லை” என்றார், கரண்டியோடு பின்னால் வந்து நின்ற தமக்கையார்.

பூசை முடிவில், “மணியகாரர் குடும்பத்து மூத்தவர் வருக” என்ற அழைப்பு எழுந்தது. தமக்கையார் எழுந்து சென்று, இரு கையாலும் தட்டத்தை ஏற்றார். அதற்குள் மண்டபத்தில் வேறு சில தமக்கையர் தத்தம் தம்பிமாரைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கியிருந்தனர். பொறியியலாளர் நிலைமையை உணர்ந்து, “மிச்ச எல்லாருக்கும் இனிக் கடலைதான்” என்று அறிவித்தார்.

அன்றுமுதல் எங்கள் குடும்பத்தின் மணியகாரர் தமக்கையாரே. மரபு பற்றியோ நிகழ்ந்தவை பற்றியோ இங்குப் பிழை காண்போர் திருத்தி உதவ வேண்டுகிறேன். தமக்கையாரின் திருத்தங்கள் முன்னரே சேர்க்கப்பட்டுள்ளன.