சொல்லாதவனுக்கும் ஒரு பொட்டலம்

போன வாரம் ஒரு நாள் காலையில் தெம்பனிஸிலிருந்து சேவியரின் மகள் தெரசா போன் செய்தாள். "பெரியப்பா, அப்பா தவறிட்டாங்க." கேட்டதும் அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அவனோடு எனக்கு ஒரு சண்டை பாக்கி இருந்தது. எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்ல, பேரன் எழுதுகிறான். சேவியரோடு வேலை பார்த்தவர்களுக்கு என் எரிச்சல் புரியும்.

எண்பதுகளில் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் சமையற்கூடம். தொழிற்சாலைகளுக்கு மதியச் சாப்பாடு கட்டி அனுப்புவோம். யாருக்கு என்ன ஆகாது என்பதெல்லாம் என் தலையில் இருந்தது. தொழிற்சாலைகள் கூடக் கூட என் தலைக்கும் மூச்சு வாங்கியது. முதலாளி ஒரு கம்ப்யூட்டரை வாங்கி, சேவியரையும் கூட்டி வந்தார். நல்ல ஆபீஸ் வேலையை விட்டு வந்தவன். அப்போது அவன் மனைவி வயிற்றில் தெரசா.

"ஆளு சொன்னது ஒரு டேபிள், அதாவது ஒரு பட்டியல், அவன் ஃபேக்டரி சொன்னது ஒரு டேபிள், நம்ம கிச்சன் வழக்கம் ஒரு டேபிள். மூணையும் சேர்த்துப் பார்க்கும்ணே. ஆளு சொல்லியிருந்தா அதான். சொல்லலையா, ஃபேக்டரி. அதுவும் சொல்லலையா, நம்ம சாம்பார் சோறு லா" என்று விளக்கினான்.

"இதைத்தானேடா நான் இத்தனை வருசமா செய்யிறேன்?"

"நீங்க காய்ச்சல்ல படுத்துட்டா?"

இப்படிக் கேட்டு வாயை அடைப்பான். தேத்தண்ணி கேட்டால்கூட, "நீங்க சொல்றதா, கடை வழக்கமா?" என்பான்.

முதல் நாள் உட்லண்ட்ஸ் தொழிற்சாலைக்கு அவன் கம்ப்யூட்டரைப் பார்த்து வாசிக்க வாசிக்கக் கட்டினோம். பொட்டலம் குறைகிறதே என்றேன். "ஷிப்டு மாறியிருக்கும்ணே" என்றான். லாரியோடு போனேன். வயிற்றுப் புண்காரன், விரதக்காரன், காரம் ஆகாதவன் எல்லோருக்கும் சாப்பாடு இருந்தது. எதையும் தின்பவன் ஒருவனுக்கும் இல்லை.

"ஏன்ணே, இங்க சோறு திங்கணும்னா வியாதி வரணுமா?" என்று ஒருத்தன் கேட்டான். வரிசையே சிரித்தது, பிறகு கத்தியது.

திரும்பி வந்து அவனைப் பிடித்துக்கொண்டேன். "டேபிளைச் சேர்த்த விதம் தப்புண்ணே. முதல் டேபிள்ல பேர் இல்லாதவனை அது மொத்தமா விட்டுடுச்சு. எல்லார் பேரையும் முதல்ல எடுத்து வெச்சுக்கிட்டுத்தான் யார் என்ன சொன்னான்னு தேடியிருக்கணும்" என்றான், யாரோ செய்த தப்பைப் போல.

முதலாளி ஒன்றே சொன்னார்: "இன்னொரு தடவை சோறில்லாம ஒரு ஆளு நின்னா, அந்தப் பெட்டியும் வேணாம், நீயும் வேணாம்."

அந்த வெள்ளிக்கிழமை முதலாளியும் லாரியில் வந்தார். வெள்ளிக்கிழமை சோற்றோடு கூடுதலாக மீன் என்பது அந்தத் தொழிற்சாலையின் வழக்கம். அங்கே வேலை பார்த்த கருப்பையாவுக்கு மீன் சேராது. கூடுதலாக எதுவுமே வேண்டாம் என்று சொல்லியிருந்தான். பொட்டலத்தைப் பிரித்தால் மீன். முதலாளி திரும்பிப் பார்ப்பதற்குள் என் பொட்டலத்தை அவன் கையில் திணித்தேன். அன்று நான் பட்டினி. சேவியரின் வேலை தப்பித்தது.

நன்றி சொல்வான் என்று பார்த்தால், பாய்ந்தான். "யாருண்ணே உங்களைக் கொடுக்கச் சொன்னது? இப்படி மறைச்சிட்டு எங்கிட்ட சொல்லாமலும் விட்டிருந்தா இந்தத் தப்பு எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"சொன்னேன்ல! பசியோட வந்து சொன்னேன்ல!"

"அவன் எதுவும் வேணாம்னான், நான் அவன் கட்டத்தைக் காலியா விட்டுட்டேன். காலியா இருந்தா அது ஃபேக்டரி டேபிள்கிட்ட கேக்கத்தான் போகும். சொல்லாதது வேற, வேணாம்னு சொன்னது வேறண்ணே."

அதன்பின் 'வேண்டாம்' என்பதற்குத் தனியாக ஒரு குறி வைத்தான். யாரும் சோறில்லாமல் நிற்கவில்லை. ஆனால் நான் கொடுத்தது சரியா தப்பா என்ற சண்டை, போன தீபாவளிக்கு அவன் பலகாரம் தின்ன வந்தபோதுகூட முடியவில்லை.

போன் வந்த அன்றே போனேன். அவர்கள் குடியிருந்த அடுக்குமாடிப் புளோக்கின் கீழே அவன் உடலை வைத்திருந்தார்கள். தெரசா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நாளைக்கு அடக்கம் முடிஞ்சு சாப்பாடு போடணும், பெரியப்பா. அப்பா ஒண்ணும் சொல்லல."

"சொல்லலையா, ஒண்ணும் வேணாம்னு சொன்னானா?"

கேட்ட பிறகுதான் அது யாருடைய கேள்வி என்று உறைத்தது.

"சொல்லல."

"அம்மா ஏதாவது சொன்னாளா?"

"அவங்க பேசுற நிலையில இல்ல."

"அப்ப சாம்பார் சோறு போடும்மா. வர்றவங்க பேரையெல்லாம் முதல்ல எடுத்துக்க. யாரும் விட்டுப் போகக்கூடாது."

அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்விதான். இனி யாரைப் பார்த்தாலும் கேட்டுத் தொலைப்பேன். சண்டையை மட்டும் முடிக்காமல் போய்விட்டான், பாவி.