அவனுக்கென்று ஒரு அளவு இருக்கவில்லை

டேனிஷ் நகரமான பிரெடெரிசியாவில் நான் வேலை செய்த சலவைத் தொழிற்சாலையில், படுக்கை விரிப்புகளை இஸ்திரி உருளைக்குள் விடுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு மூலையைப் பிடித்து, உதறி, ஒரே நேரத்தில் உருளையின் வாயில் வைக்க வேண்டும். பல வருடங்களாக மற்ற மூலையைப் பிடித்தவன் கொங்கோவிலிருந்து வந்தவன். என்னைவிட நாலைந்து வயது இளையவன். வேலையிடத்தில் தமிழர்கள் என்னை ‘அண்ணை’ என்று கூப்பிடுவதைக் கேட்டு அவனும் அப்படியே கூப்பிடத் தொடங்கினான். நான் அவனைத் ‘தம்பி’ என்றேன். அந்த இரண்டு சொற்களைத் தவிர எங்களுக்குள் எல்லாக் கதையும் டேனிஷில்தான். இருவருக்கும் அது அரைகுறை என்பதால் ஒருவரையொருவர் நன்றாக விளங்கிக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவனைக் காண்பேன். எங்கள் சபையும் அவர்களுடைய சபையும் ஒரே மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தன. காலையில் அவர்களுடைய ஆராதனை, பின்னேரம் எங்களுடையது. அவர்களுடையது ஒருநாளும் நேரத்துக்கு முடிந்ததில்லை. நாங்கள் பைபிளும் கையுமாக வாசலில் குளிரில் நிற்க, உள்ளே மேளமும் பாட்டும் நடந்துகொண்டிருக்கும். அவன் வியர்வை வழிய வெளியே வந்து, “பரிசுத்த ஆவி மணிக்கூடு பாக்கிறதில்லை அண்ணை” என்று சொல்லிச் சிரிப்பான்.

கிளிநொச்சியை நோக்கிச் சண்டை நெருங்கிக்கொண்டிருந்த இலையுதிர் காலத்தில், தொழிற்சாலைக்கு ஒரு தாதியை அழைத்து விரும்பியவர்களுக்கு உடல் பரிசோதனை செய்வித்தார்கள். சாப்பாட்டு அறையின் மூலையில் ஒரு திரையைக் கட்டி, அதற்குப் பின்னால் அவர் அளவு நாடாவோடு இருந்தார். நானும் அவனும் சேர்ந்தே போனோம். வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேர்ந்தால் பிரஷர், சீனி, இரத்தக் கொழுப்பு எல்லாம் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரும், கடைசியில் இருதயத்தைத் தாக்கும் என்று விளங்கப்படுத்தினார். பிறகு இடுப்பை அளந்தார். எனக்குத் தொண்ணூற்றிரண்டு சென்ரிமீற்றர். அவனுக்கும் தொண்ணூற்றிரண்டு.

“நீங்கள் கவனமா இருக்கவேணும்,” என்று டேனிஷில் என்னிடம் சொன்னார். “உங்கட பக்கத்து ஆம்பிளையளுக்குத் தொண்ணூறுதான் எல்லை. மெல்லிய உடம்பெண்டாலும் வயித்தில கொழுப்பு இருந்தால் உங்களுக்குச் சீனி வருத்தம் கெதியில வரும்.”

“அப்ப எனக்கு?” என்றான் அவன்.

தாதி நாடாவைச் சுருட்டினார். ஆபிரிக்கர்களுக்கென்று தனியாக ஓர் எல்லை இன்னும் குறிக்கப்படவில்லை என்றும், அதுவரை ஐரோப்பியர்களுடைய எல்லையைப் பாவிக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றும் சொன்னார். அது ஆண்களுக்குத் தொண்ணூற்று நான்கு. “ஆனா உங்களுக்கு அது சரிவருமோ எண்டு ஒருத்தருக்கும் வடிவாத் தெரியாது. டொக்டரிட்டப் போய் இரத்தம் குடுத்துப் பாருங்கோ” என்றும் சொன்னார்.

அவனுடைய காதில் விழுந்தது தொண்ணூற்று நான்கு மட்டும்தான். உருளைக்குத் திரும்பும்போது என் முதுகில் தட்டி, “அண்ணை எல்லை தாண்டிட்டார், நான் உள்ளுக்கு நிக்கிறன்” என்றான். அன்று முழுவதும் அதைச் சொல்லிச் சிரித்தான். இரத்தம் கொடுக்க அவன் போகவில்லை. நான் போனேன். சீனி கூடித்தான் இருந்தது. குளிசை தந்தார்கள். மனைவி சோற்றைக் குறைத்துக் கறியைக் கூட்டினாள்.

அதற்குப் பிறகு சோறு என்ன, எதுவும் இறங்கவில்லை. என் கூடப்பிறந்த தம்பி மனைவி பிள்ளைகளோடு வன்னியில் இருந்தான். கிளிநொச்சியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தவன். ஊர் ஊராக இடம்பெயர்ந்து கடற்கரைப் பக்கம் போய்விட்டதாகக் கடைசியாக ஒருவர் மூலம் அறிந்தோம். பிறகு தொடர்பு அறுந்துவிட்டது. வீட்டில் கணினியை நிறுத்துவதே இல்லை. படங்களில் தறப்பாள் கூடாரங்களும் மணலும் சனமும் தெரியும். அதற்குள் அவனைத் தேடுவேன். கஞ்சிக்கு வரிசையில் நிற்கும் பிள்ளைகளைக் கண்ட பிறகு சாப்பாட்டுக் கோப்பையில் கை வைக்க மனம் வராது.

தொழிற்சாலையில் கொங்கோத் தம்பி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மத்தியான இடைவேளையில் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, அவித்த மரவள்ளிக்கிழங்கையும் மீன் குழம்பையும் பாதியாகப் பிரித்து என் முன்னால் தள்ளுவான்.

“சாப்பிடுங்கோ அண்ணை.”

“ஏலாது தம்பி.”

“நானும் இப்பிடித்தான் சாப்பிடாமல் இருந்தனான். நான் சாப்பிடாததாலே என்ர ஆக்களில ஒருத்தரும் திரும்பி வரேல்லை.”

அவன் தன்னுடைய போரைப் பற்றி என்னிடம் சொன்னது அவ்வளவுதான். நான் கிழங்கைச் சாப்பிட்டேன். எங்கள் ஊர்க் கிழங்கின் ருசிதான்.

மே மாதம் வன்னியில் சண்டை எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள். அந்த வாரம் எனக்கு டொக்டரிடம் போகவேண்டிய முறை இருந்தது. அங்கிருந்த இளம் தாதி என் இடுப்பை அளந்தாள். எண்பத்து நான்கு. முகமெல்லாம் மலர்ந்து, “அருமை! மிக நன்றாகச் செய்திருக்கிறீர்கள், எப்படிச் செய்தீர்கள்?” என்று டேனிஷில் கேட்டாள். நான் நன்றி சொன்னேன். வெளியே வந்து, சைக்கிளின் பூட்டைத் திறக்க முடியாமல் அதைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன்.

ஆடி மாதமளவில் தம்பியின் மனைவியும் பிள்ளைகளும் வவுனியாவில் முகாமில் இருப்பதாகத் தகவல் வந்தது. தம்பியைப் பற்றி எதுவும் இல்லை. தொலைபேசியில் அவளோடு பேசக் கிடைத்தபோது, “அவரை நான் கடைசியாக் கண்டது தண்ணி எடுக்கப் போகேக்கைதான் அத்தான்” என்றாள். அவ்வளவோடு இணைப்பு விட்டுப்போனது.

கோடை விடுமுறை முடிந்து வேலை தொடங்கியபோது என் கொங்கோத் தம்பி களைத்துப்போயிருந்தான். போத்தல் போத்தலாகத் தண்ணீர் குடித்தான். உருளையின் வெக்கைக்கு எல்லோருமே குடிப்போம். அதனால் யாருக்கும் அது புதினமாகப் படவில்லை. ஒரு சனிக்கிழமை காலை அவனுடைய மனைவி எங்களுக்கு ஃபோன் எடுத்தாள். சமையலறையில் கதிரையில் இருந்தவன் அப்படியே சரிந்துவிட்டானாம். நானும் மனைவியும் மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது முடிந்துவிட்டது. மாரடைப்பு. நெடுநாளாகச் சீனி வருத்தம் இருந்திருக்க வேண்டும், அது தெரியுமா என்று டொக்டர் கேட்டார்.

“அவரை அளந்தவைதானே,” என்றாள் அவள். “அளந்து பிரச்சினை இல்லை எண்டு சொன்னவையாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சவர்.” அவளுக்கு அழுகை வரவில்லை. தன் கைப்பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

அடக்கத்துக்கு இரண்டு சபைகளும் வந்தன. அவர்களுடைய வழக்கப்படி குழியை மூட வேறு ஆட்களை விடவில்லை. ஆண்கள் ஒருவர் மாறி ஒருவராக மண்வெட்டியை வாங்கி மண் போட்டார்கள். என் முறை வந்தது. இரண்டு தடவை போட்டிருப்பேன். மூன்றாவது தடவை மண்ணை அள்ளும்போது “தம்பி” என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். பிறகு நிறுத்த முடியவில்லை. கொங்கோக்காரர்கள் நான் அவனுக்காக அழுவதாக நினைத்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். தமிழாக்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு ஒரு தம்பியின் பெட்டிக்கு மேல்தான் மண் போடக் கிடைத்தது. என் கூடப்பிறந்தவனை அடக்கம் செய்ய எனக்கு வேறு இடமும் இருக்கவில்லை.

என் மகள் இப்போது வைலேயில் தாதி. சில வருடங்களுக்கு முன், ஆபிரிக்க ஆண்களுக்கு அந்த ஐரோப்பிய எல்லை பொருந்தாது, அதைக் குறைக்கவேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்வதாக டேனிஷில் சொன்னாள். “என்ன சொன்னனீ? தமிழில சொல்லு” என்றேன். எனக்கு விளங்காமல் இல்லை. அவள் சொற்களைத் தேடித் தேடித் திரும்பச் சொன்னாள்.

அதை அவனுடைய மனைவிக்குச் சொல்வதா, விடுவதா என்று கனகாலம் யோசித்தேன். அவள் ஒடென்சேக்கு மாறி, முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறாள். மூத்தவன் கல்யாண வயதில் நிற்கிறான், தகப்பனின் அதே உயரம். போன தைமாதம் நானும் மனைவியும் ரயிலில் போனோம். அவளுடைய சமையலறையில் இருந்துகொண்டு, என் மகள் சொன்னதைச் சொன்னேன்.

கேட்டுக்கொண்டே அவள் அடுப்பைக் குறைத்தாள். பிறகு மகனைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை டொக்டரிடம் போய் இரத்தம் கொடுக்கவேண்டும் என்றாள். அவன் எதற்கு என்று கேட்டான்.

“மாமா சொல்லுறார், போ,” என்றாள்.

அவன் என்னைப் பார்த்தான். நான் ஓம் என்று தலையாட்டினேன்.