ஜோசபின் அக்காவின் மை எழுத்து

செவ்வாய்க்கிழமை மதியம், செவன் ஹில்ஸ் ரயில் ஸ்டேஷன் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தபோது ஜோசபின் அக்காவின் மகள் அழைத்தாள். "அங்கிள், மம் இறந்திட்டா." சனிக்கிழமைதானே பார்த்தோம் என்று அவளோடு வாதாடினேன். நாளைச் சொல்லிக் காட்டினால் செய்தி மாறிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ. வேலையிடத்தில் மாரடைப்பாம். ஐம்பத்தாறு வயது. இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

பிளாக்டவுன் நூலகத்தில் சனிக்கிழமைகளில் கூடிப் பண்டைய எகிப்திய மொழி படித்த நம் ஐந்து பேருக்கும் அவரைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மன்னாரிலிருந்து இந்த நாட்டுக்கு வந்தவர், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாமெல்லாம் சித்திர எழுத்தின் அழகில் மயங்கி வந்தவர்கள். அவரைக் கட்டிப்போட்டது வினைச்சொல். வினை முன்னால் வரும், செய்பவரைக் காட்டும் விகுதி அதன் பின்னால் ஒட்டும். செஜெம்-எஃப், அவன் கேட்கிறான். செஜெம்-எஸ், அவள் கேட்கிறாள். "பாருங்கோ, எங்கட தமிழ் மாதிரியே வாலைப் பாத்தா ஆளைத் தெரியுது!" என்று கதிரையை விட்டு எழுந்தேவிட்டார். அன்றே தமிழில் ஒரு வினை அட்டவணைப் புத்தகம் எழுதத் தொடங்கினார்.

வேலையிடத்துப் பழக்கத்தை அவர் விடவில்லை. அட்டவணைகளைப் பென்சிலில் எழுதுவார். நம்மில் ஒருவர் வாசித்துச் சரியென்று சொன்ன பிறகுதான் மையால் எழுதுவார். "ஒரு சோடிக் கண்ணை நம்பேலாது" என்பார். பிழை பிடித்தவருக்கு அவர் கையால் சுட்ட மீன் பணிஸ், அதாவது மீன் அடைத்த பன், கிடைக்கும். அதற்காகவே நான் துருவித் துருவிப் பிழை தேடியதுண்டு.

போன மாதம் இறந்தகால அத்தியாயத்தை எனக்கு அனுப்பினார். வேலை நெருக்கடியில் நான் திறக்கவே இல்லை. அந்தக் கடைசிச் சனிக்கிழமை கேட்டார்.

"தம்பி, வாசிச்சனீங்களோ?"

"ஆமாக்கா, படிச்சிட்டேன். எல்லாம் கரெக்ட்டா இருக்கு."

"அப்ப மையால எழுதுறன்."

பிழையே இல்லையென்ற சந்தோஷத்தில் அன்றும் ஒரு பணிஸ் தந்தார். வெட்கமில்லாமல் தின்றேன்.

அடக்கத்துக்கு மறுநாள் மகள் நோட்டைக் கொண்டுவந்தாள். "இந்த சாப்டர் நீங்க செக் பண்ணினதாம். அப்பிடியே பிரிண்ட் பண்ணலாம்தானே?" திறந்தேன். இருபத்திரண்டு பக்கம், நீல மை, ஓர் அடித்தல் கிடையாது. ஞாயிறும் திங்களும் குனிந்த தலை நிமிராமல் எழுதியிருக்க வேண்டும். முதல் அட்டவணையிலேயே பெண்ணை 'நீ' என்று சொல்லும் விகுதியும் 'அவள்' விகுதியும் இடம் மாறிக் கிடந்தன. அடுத்த பக்கத்திலும் அப்படியே. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'சரிபார்த்தவர்' என்று போட்டு, என் பெயரை முழுதாக எழுதியிருந்தார்.

"இல்லம்மா, நான் படிக்கவே இல்ல. அம்மாகிட்ட பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

நான் நீட்டிய நோட்டை அவள் வாங்கவில்லை. "அப்ப இனியாவது ரீட் பண்ணுங்க, அங்கிள்" என்று சொல்லிவிட்டு காரில் ஏறினாள்.

அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது என் பெயர் எழுதிய இருபத்திரண்டு பக்கங்கள். இப்போது பதினோராம் பக்கத்தில் இருக்கிறேன்.