சாப்பிடலாம் என்று நான் சொன்ன ரிப்பன்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஜூன் மாத மழைக்காலம். பாறசாலைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டிலேயே கேக் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த அண்ணன், சாப்பிடக்கூடிய வேஃபர் பேப்பர் ஒரு கட்டு கொண்டுவந்து தந்தார். பார்த்தால் சாதாரண வெள்ளைக் காகிதம்தான். நாக்கில் வைத்தால் கரைந்துவிடும். அதைப் பட்டையாக வெட்டி, ஈரத் தூரிகையால் லேசாகத் தடவி, வளைத்து ஒட்டினால், பரிசுப் பொட்டலத்தில் கட்டுகிற ரிப்பன் முடிச்சு மாதிரியே வரும்.

பக்கத்து ஊரான கொல்லயிலில் ஒரு வீட்டில், குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குக் கேக் கேட்டிருந்தார்கள். கேக்கின் மேல் பெரிய ரிப்பன் முடிச்சு ஒன்று வைத்து அசத்திவிட நினைத்தேன். ஆனால் மழை விடவில்லை. காற்றிலேயே ஈரம். தண்ணீர் கொஞ்சம் கூடினால் காகிதம் கூழாகிறது; குறைந்தால் வளைக்கும்போதே முறிகிறது. ஒட்டிய இடமெல்லாம் பிரிந்துகொண்டே இருந்தது. கடைசியில், காயும்வரை இருக்கட்டும் என்று அங்கங்கே குண்டூசி குத்தினேன். காய்ந்ததும் எடுக்கவும் செய்தேன். எத்தனை குத்தினேன் என்று மட்டும் எண்ணி வைக்கவில்லை.

விழாவில் எல்லோரும் கேக்கைச் சுற்றி நின்று பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "இந்த ரிப்பனும் தின்னலாமாக்கும்" என்று நானேதான் சொன்னேன். உடனே குழந்தையின் அம்மா ஒரு வளையத்தை ஒடித்து, பக்கத்தில் நின்ற மூத்த மகளின் வாயில் வைத்தார். நாலு வயதிருக்கும். இரண்டு தடவை மென்றவள், வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டாள். முகம் கோணிவிட்டது.

விருந்துக்கு வந்திருந்த ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், சட்டென்று அந்தப் பிள்ளையின் தலையைக் குனிய வைத்து, வாய்க்குள் விரல்விட்டு எதையோ எடுத்தார். "அண்ணாக்குல ஒட்டிக்கிட்டு, அவ்வளவுதான்" என்று கையை மூடிக்கொண்டு, பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தார். கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்தது.

நான் அடுக்களைக்குப் பின்னால் கத்தி கழுவிக்கொண்டிருந்தபோது அவர் வந்து கையை விரித்துக் காட்டினார். ஈரக் காகிதத் துணுக்கோடு ஒரு குண்டூசி.

"அக்கா, சத்தியமா நான் எல்லாத்தையும் எடுத்தேன்னுதான்..."

"தெரியும் மக்கா. அறிஞ்சுகொண்டு யாரும் செய்யமாட்டாவ. முதல்ல கேக்கில இன்னும் உண்டான்னு பாப்போம்."

இருவரும் போய், மிச்சமிருந்த முடிச்சை எடுத்துவந்து தூளாக நொறுக்கிப் பார்த்தோம். வேறு இல்லை. இத்தோடு அவர் விட்டுவிட மாட்டாரா என்று என் மனது கெஞ்சியது, உண்மையைச் சொல்கிறேன். அவரோ, "பிள்ளைக்க அம்மைகிட்ட சொல்லணும். நீயே சொல்லு. நானும் கூட வாறேன்" என்றார்.

உள்ளறையில் வைத்துச் சொன்னேன். அந்த அம்மா மகளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், வாயைத் திறக்கவைத்து வெகுநேரம் பார்த்தார். கன்னத்தின் உள்பக்கம் ஒரு சிவந்த புள்ளி. "நீங்க போங்க" என்று மட்டும் சொன்னார்.

என் தட்டுகளில் பாதியைத் தூக்கிக்கொண்டு, தன் குடைக்குள் என்னையும் சேர்த்துக்கொண்டு, அந்தப் பெண் பஸ் ஸ்டாப் வரை வந்தார். பஸ் வரும்வரை கூட நின்றார், அவ்வளவுதான். பேர்கூடக் கேட்காமல் ஏறிவிட்டேன்.

அதற்குப் பிறகு பல மாதங்கள் கேக் பக்கமே நான் போகவில்லை. அடுத்த வருடம் பிறந்தநாள் கேக் கேட்டு அந்த அம்மாவே எங்கள் வீடு தேடி வந்தார். "அண்ணைக்கு நீங்க மறைச்சு, பிறவு நான் அறிஞ்சிருந்தா, இந்த வீட்டுக்கு வந்திருக்க மாட்டேன். அந்த ரிப்பனும் வேணும், மூத்தவளுக்கு அதுதான் வேணுமாம்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. குடை பிடித்து வந்த பெண்ணைப் பற்றி விசாரித்தேன். பக்கத்து வீட்டுக்கு விருந்து வந்த உறவாம், காட்டாக்கடைப் பக்கமாம். அதற்கு மேல் தெரியவில்லை.

அன்று உண்மையைச் சொன்னது நான்தான் என்றாலும், அதற்கான தைரியம் என்னுடையதல்ல. இன்றும் ஒரு தவறை ஒத்துக்கொள்ள வேண்டி வரும்போது, அவர் பக்கத்தில் வந்து நிற்பதாக நினைத்துக்கொண்டுதான் வாயைத் திறக்கிறேன்.